பொருத்தம் பார்த்த பண்ணை

கல்யாணத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், ஒரு புட்டி போர்பன் விஸ்கியை மண்ணில் தலைகீழாகப் புதைத்துவிட வேண்டும். புட்டி முழுசாக இருக்க வேண்டும், ஒரு வாய்கூடக் குடித்திருக்கக் கூடாது. பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கப்போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே புதைப்பது உத்தமம். அப்படிச் செய்தால் கல்யாணத்தன்று மழை வராது. எல்லாம் முடிந்தபின் தோண்டி எடுத்துக் கூடியிருப்பவர்கள் குடித்துத் தீர்த்துவிடலாம்.

கென்டக்கி மாநிலத்தின் இந்த நம்பிக்கையை எனக்குச் சொன்னவன் என் சித்தி மகன். சொன்னபோது நாங்கள் இருவரும் அந்தப் பண்ணையின் வாசலில் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியில் வந்து அறையும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை அண்ணே. கல்யாணம் நாளைக்கு. இன்னைக்குப் பெய்யிற மழைக்குப் புட்டி பொறுப்பில்ல" என்றான்.

ஜார்ஜ்டவுன் ஊரிலுள்ள டொயோட்டா கார் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. கூட வேலை பார்ப்பவரின் மகளுக்குக் கல்யாணம். நாற்காலி, மேசை எடுத்துப் போட நாலு பேர் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். லீவில் வந்து அவன் வீட்டில் தங்கியிருந்த என்னை நாலாவது ஆளாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். கல்யாண மண்டபம் என்றதும் நான் ஏதோ ஹோட்டல் என்று நினைத்தேன். "குதிரைப் பண்ணை அண்ணே. பொயலக் கொட்டகையில கல்யாணம்" என்றான். தூத்துக்குடிக்காரனுக்குப் புகையிலை தெரியும், கொட்டகையும் தெரியும். அதில் ஒரு கல்யாணத்தைத்தான் பொருத்திப் பார்க்க முடியவில்லை.

லெக்சிங்டன் நகரத்திலிருந்து மேற்கே பழைய ஃபிராங்க்ஃபர்ட் சாலை வழியாக வந்திருந்தோம். இரண்டு வண்டி தாராளமாக விலக முடியாத சாலை. மேலே மரங்கள் கைகோத்து நிற்கின்றன. ஓரங்களில் சாந்து வைக்காமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள். அவற்றில் பல, உள்நாட்டுப் போருக்கு முந்தியவை. அயர்லாந்திலிருந்து வந்த கொத்தர்களும், அவர்களிடம் வேலை பழகிய கறுப்பின அடிமைகளும் கட்டியவை. சுவருக்கு அப்பால் நாலு பலகை வைத்த மரவேலி, மேடேறி இறங்கி மறுபடி மேடேறிக் கண்ணெட்டும் வரை போகிறது. வேலியின் நிறத்தில் அந்தஸ்து தெரியும் என்றான் தம்பி. வெள்ளை வேலி, பணம் கொழிக்கிற வீடு. ஓயாமல் சுண்ணாம்படிப்பது மாதிரி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கறுப்பு வேலி, தார் சேர்த்த சாயம். விலை மலிவு, நாளும் தாங்கும். இந்தப் பக்கத்தின் பேர்பெற்ற வெள்ளை வேலி கேலுமெட் பண்ணையுடையது. ரொட்டிக்குப் போடும் பேக்கிங் பவுடர் விற்ற காசில் எழுந்த பண்ணை. கென்டக்கி டெர்பி பந்தயத்தை 1941 முதல் 1968 வரை எட்டு முறை ஜெயித்தது. 1991-இல் திவாலாகி, மறு வருஷம் ஏலத்துக்கு வந்தது. வாங்கியவர் முதல் வேலையாக, வேலியின் வெள்ளை மாறாது என்று வாக்குக் கொடுத்தார். நாங்கள் போன பண்ணையின் வேலி கறுப்பு.

ஊரின் பெயரைப் பலகையில் பார்த்துவிட்டு நான் 'வெர்சாய்' என்று பிரெஞ்சுக்காரன் மாதிரி வாசித்தேன். இங்கே அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாதாம். 'வர்சேல்ஸ்' என்றுதான் சொல்ல வேண்டும்.

மழை விட்டதும் பண்ணையின் பெரியம்மா ரப்பர் பூட்ஸ் போட்ட காலோடு வந்து கார்க் கதவைத் தட்டினார். எழுபதைத் தாண்டிய வயது. அவரும் கணவரும், மகனும் மருமகளும்தான் குடும்பம். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்றார். "இருக்கிற கல்யாணத்தையே சமாளிக்க முடியவில்லை" என்பது காரணம். ஆகவே பெரியம்மா, பெரியவர், மகன், மருமகள் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நாற்காலி போட நிலம் காய வேண்டும் என்பதால் பெரியம்மா எங்களை மேய்ச்சல் நிலத்துக்குக் கூட்டிப்போனார். நனைந்த புல்லில் பத்துப் பதினைந்து பெண் குதிரைகள், ஒவ்வொன்றின் விலாவோடும் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. காலெல்லாம் கம்பு மாதிரி நீண்டு, உடம்பு பிறகு வந்து சேர்ந்துகொள்ளும் என்பது போல இருக்கின்றன. இந்தப் பிரதேசத்துக்கே புளூகிராஸ் என்று பேர், நீலப் புல். புல் பச்சையாகத்தான் இருக்கிறது. வசந்தத்தில் கதிர் விடும்போது மட்டும் ஒரு நீலச் சாயல் தட்டுமாம். அதுவும் இந்த ஊர்ப் புல் இல்லை, ஐரோப்பாவிலிருந்து வந்தது.

சங்கதி புல்லில் இல்லை, அதற்குக் கீழே இருக்கிறது என்றார் பெரியம்மா. சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழமில்லாத கடல். அதன் சிப்பியும் சங்கும் படிந்து சுண்ணாம்புப் பாறையாகிவிட்டன. மழைத்தண்ணீர் அதில் ஊறி வரும்போது கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மண்ணில் பாஸ்பரஸும் கூடுதல். குட்டியின் எலும்புக்கு வேறென்ன வேண்டும்? அதே தண்ணீரில் இரும்புச் சத்து இல்லாததால்தான் போர்பன் நன்றாக வருகிறது என்று சாராயக்காரர்களும் சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

எனக்கு உடனே பழையகாயல் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். 13-ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கிய துறைமுகம். வருஷா வருஷம் பாண்டியர்கள் கொட்டிக் கொடுத்து வாங்கினார்கள், வருஷா வருஷம் அவை செத்துப்போயின. அங்கே எத்தனை நல்ல ஆண் குதிரையும் பெண் குதிரையும் சேர்ந்தாலும் கால் கோணிய சவலைக் குட்டிதான் பிறக்கிறது என்று மார்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். சோறும் கறியும் ஆக்கிப் போட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "சோறா? எவ்வளவு நாள் உயிரோடு இருந்தன?" என்று தொழில்முறையில் விசாரித்தார்.

பிறகு வீட்டுச் சமையலறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து, ஒரு தடித்த கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்தார். அவருடைய மாமியார் காலத்திலிருந்து வரும் புத்தகம். எந்தப் பெண் குதிரையை, எந்தத் தேதியில், யார் பண்ணையிலுள்ள எந்தப் பொலிகுதிரையிடம் அனுப்பினோம், சினை பிடித்ததா, குட்டி எப்போது விழுந்தது, யார் வாங்கினார்கள். நாலைந்து பக்கம் புரட்டியதுமே எனக்கு இது என்ன புத்தகம் என்று புரிந்துவிட்டது. எங்கள் ஊர்த் தரகரின் நோட்டு!

தரோபிரெட் என்கிற இந்தப் பந்தயக் குதிரை ஜாதியில் உலகத்தில் எந்தக் குதிரையை எடுத்தாலும், தகப்பன் வழியில் மேலே போனால் மூன்றே மூன்று குதிரைகளில் போய் நிற்கும். பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கிழக்கேயிருந்து இங்கிலாந்துக்குப் போன மூன்று முப்பாட்டன்கள். ஆகவே எல்லாமே சொந்தம். எத்தனை தலைமுறை தள்ளிச் சொந்தம் என்பதுதான் கேள்வி. தகப்பன் பக்கம் மூன்றாம் தலைமுறையிலும் தாய் பக்கம் நாலாம் தலைமுறையிலும் ஒரே குதிரை வந்தால் 'மூன்றுக்கு நாலு' என்று எழுதிக்கொள்கிறார்கள். அந்த அளவு நல்லது என்று சிலர், ஆகாது என்று சிலர். கோத்திரம் பார்க்கிற நம் ஊர்ப் பெரியவர்கள் இந்தச் சமையலறையில் இருந்திருந்தால் ராத்திரி முழுக்கப் பேசியிருப்பார்கள்.

பொருத்தம் பார்த்தபின் கல்யாணம் நேரில்தான் நடந்தாக வேண்டும். மாட்டுக்குப் போடுவது போல ஊசி போட்டுச் சினையாக்கிப் பிறந்த குட்டியைத் தரோபிரெட் பதிவேட்டில் சேர்க்க மாட்டார்கள். பெண்ணை வண்டியில் ஏற்றி மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டணம் மாப்பிள்ளை வீட்டுக்கு. இன்டு மிஸ்சீஃப் என்ற குதிரைக்கு அண்மை ஆண்டுகளில் ஒரு தடவைக்கு 2,50,000 டாலர். குட்டி உயிரோடு விழுந்து, எழுந்து நின்று, பால் குடித்தால்தான் பணம் என்பது பெரும்பாலான ஒப்பந்தங்களில் நிபந்தனை. பேர்பெற்ற மாப்பிள்ளைகள் ஒரு பருவத்தில் 200 பெண் குதிரைகளுக்கு மேல் பார்ப்பதுண்டு. இந்தக் கதையில் என் மனதைத் தொட்டவன் வேறொருவன். பெண் குதிரை பக்குவத்தில் இருக்கிறதா என்று அறிவதற்கென்றே ஒரு ஏழை ஆண் குதிரையை வளர்ப்பார்கள். அவன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கனைத்து, கொஞ்சி, அவளைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அவள் தலையாட்டிய நிமிஷத்தில் அவனை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வாழ்நாள் முழுக்க இதுதான் உத்தியோகம்.

இந்தப் பண்ணையில் பொலிகுதிரை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வசதி போதாது. பெண் குதிரைகள் மட்டும்தான். "நாங்கள் எப்போதுமே பெண் வீட்டுக்காரர்கள்" என்றார் பெரியம்மா. அந்தச் சொல்லின் முழுப் பாரமும் எங்கள் பக்கத்தில்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அனுப்பிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு பதினொரு மாதம் காத்திருக்க வேண்டும். வடக்கு உலகத்தில் தரோபிரெட் எந்த மாதத்தில் பிறந்தாலும் ஜனவரி 1-ஆம் தேதியே பிறந்தநாள் என்பது விதி. மே மாதம் பிறந்த குட்டி, ஜனவரிக் குட்டியோடு அதே வயதுக் கணக்கில் ஓட வேண்டும். அதனால் டிசம்பர் பிறந்ததுமே பெண் குதிரைகளின் லாயத்தில் ராத்திரி வெகுநேரம் விளக்கு எரியும். பொழுது நீண்டுவிட்டது, வசந்தம் வந்துவிட்டது என்று உடம்பை ஏமாற்ற. பிப்ரவரியிலிருந்து மே வரை வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் லாயத்திலேயே படுக்கை. பெரும்பாலும் நடுராத்திரியில்தான் ஈனும். பிறகு வளர்த்து, மறு வருஷம் செப்டம்பரில் கீன்லேண்ட் ஏலத்துக்குக் கொண்டுபோவார்கள். நாலாயிரம் ஒரு வயதுக் குட்டிகள் வரிசையில் நிற்கும் ஏலம். சுத்தியல் விழுவதற்குச் சில நிமிஷங்கள். இரண்டரை வருஷ உழைப்புக்கு அந்தச் சில நிமிஷங்கள்தான் சம்பளம்.

இந்தப் பிழைப்பு எப்படிக் குலைந்தது என்பதை மகன் சொன்னார், டிராக்டரில் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டே. 1985-இல் கீன்லேண்டில் ஒரு குட்டி 1 கோடியே 31 லட்சம் டாலருக்குப் போனது. அரபு நாட்டு ஷேக்குகளும் இங்கிலாந்துக்காரர்களும் போட்டி போட்ட காலம். 1986-இல் அமெரிக்க வரிச் சட்டம் மாறி, குதிரையில் போட்ட பணத்துக்குக் கிடைத்துவந்த சலுகைகள் குறைந்தன. டாக்டரும் வக்கீலும் குதிரை வாங்குவதை விட்டார்கள். அந்த ஆண்டு வட அமெரிக்காவில் 50,000-க்கு மேல் தரோபிரெட் குட்டிகள் பிறந்திருந்தன. இப்போது 20,000-க்கும் கீழே. பெரிய பண்ணைகள் இன்னும் பெரிதாகின, சின்னவை வேலியோடு விலை போயின.

2001-ஐப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் டிராக்டரை நிறுத்திவிட்டார். அந்த வசந்தத்தில் புளூகிராஸ் முழுவதும் பெண் குதிரைகள் சினை கலைந்தன. செத்த குட்டிகள் விழுந்தன. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. வேலியோரத்துக் காட்டுச் செர்ரி மரங்களின் விஷம் என்றார்கள், மரங்களை வெட்டினார்கள். பிறகுதான் அந்த மரங்களில் கூடாரம் கட்டி வாழும் ஒரு கம்பளிப்புழு அந்த ஆண்டு ஏராளமாகப் பெருகி, புல்லோடு புல்லாகக் குதிரைகளின் வயிற்றுக்குள் போனது தெரியவந்தது. இவர்கள் வீட்டில் பாதிக்கு மேல் போய்விட்டன. கணக்குப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் பார்த்திருந்தேன். குட்டி என்ற பத்தியில் சின்னச் சின்னக் கோடுகள், வேறொன்றும் இல்லை.

மூன்று வருஷத்தில் புகையிலையும் போனது. குதிரை இழுத்துக்கொண்டு போனதையெல்லாம் அதுவரை ஈடுகட்டியது அதுதான். 1930-களிலிருந்து அமெரிக்க அரசு யார் எவ்வளவு புகையிலை விற்கலாம் என்று அளந்து கொடுத்து, விலைக்கும் ஒரு கீழ்வரம்பு வைத்திருந்தது. 2004-இல் அந்த ஏற்பாட்டைச் சட்டம் போட்டு முடித்து, விவசாயிகளுக்குப் பத்து வருஷத் தவணையில் நஷ்டஈடு கொடுத்தார்கள். ஏக்கர் கணக்கில் பயிரிட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். இவர்களைப் போன்றவர்கள் விட்டுவிட்டார்கள். கொட்டகை காலியானது.

அந்தக் கொட்டகைக்குள் நாங்கள் போனது சாயங்காலம். அதன் வெளிச்சுவர் கன்னங்கரேலென்று இருக்கிறது. உள்ளே அண்ணாந்தால் கோயில் கோபுரத்தின் உட்புறம் மாதிரி, அடுக்கடுக்காகக் குறுக்குக் கட்டைகள் இருட்டுக்குள் ஏறிப்போகின்றன. வெட்டிய புகையிலைச் செடிகளை ஆறாறாக ஒரு குச்சியில் கோத்து, ஒவ்வொரு அடுக்கிலும் தொங்கவிடுவார்களாம். ஆட்கள் காலை அகட்டிக் கட்டைமேல் நின்று ஒருவர் கைக்கு ஒருவர் மேலே மேலே கொடுப்பார்கள். தவறி விழுந்தவர்கள் உண்டு. பக்கச் சுவரில் செங்குத்தான பலகைக் கதவுகள். காற்றுக்குத் திறந்தும் ஈரத்துக்கு மூடியும் இரண்டு மாதம் உலர்த்த வேண்டும். காய்ந்த இலை தொட்டால் நொறுங்கும். மழைக்கால ஈரம் ஏறி இலை துவளும்போதுதான் இறக்கலாம். அதற்கு இங்கே ஒரு சொல் இருக்கிறது. அதை மருமகள் பத்து வாக்கியத்தில் விளக்கினார். தம்பி என்னைப் பார்த்து, "பதம்" என்றான். அவ்வளவுதான்.

இருபது வருஷமாகப் புகையிலை ஏறாத கட்டைகளில் இன்னும் வாசனை இருக்கிறது. அதே கட்டைகளிலிருந்து இப்போது மஞ்சள் விளக்குச் சரங்கள் தொங்குகின்றன.

இங்கே நடந்த முதல் விசேஷம் கல்யாணமே இல்லை. பண்ணையில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்சிகோக்காரர், மகளின் பதினைந்தாம் பிறந்தநாளைக் கொண்டாட இடம் தேடினார். அவர்கள் வழக்கத்தில் அது நம் சடங்கு மாதிரி. பெண் பெரியவளானதற்கு ஊர் கூட்டிச் சாப்பாடு. ஹால் வாடகை கட்டுப்படியாகவில்லை. கொட்டகை சும்மாதானே கிடக்கிறது என்றார் பெரியவர். இருநூறு பேர் வந்து விடிய விடிய ஆடினார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத் தேவாலயத்தில் ஒரு குடும்பம் கேட்டது. பிறகு இன்னொன்று. 2008-இல் பொருளாதாரம் சரிந்து ஏலத்தில் குட்டிகள் கேட்பாரில்லாமல் நின்றபோது, மருமகள் இதை ஒரு தொழிலாக எழுதிக் கணக்குப் பார்த்தார்.

கணக்கில் முதலில் வந்தது செலவு. பண்ணைக் கொட்டகைக்கு ஒரு சட்டம், ஜனங்கள் கூடும் மண்டபத்துக்கு இன்னொரு சட்டம். வைக்கோல் வைக்கும்வரை யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. நூறு பேரை உட்கார வைக்கிறேன் என்றதும் வெளியேறும் வழிகள், நெருப்பு அணைக்கும் குழாய்கள், கழிப்பறை, மின்சாரம், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் என்று பட்டியல் நீண்டது. இந்தக் கிழட்டுக் கட்டைகளுக்கு உள்ளே இப்போது இரும்பு ஓடுகிறது, தெரியாதபடி மறைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஊர்க் கூட்டத்தில் எதிர்த்தார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவார்கள், பாட்டுச் சத்தத்தில் குதிரைகள் மிரளும் என்பது அவர்கள் வாதம். நியாயமில்லாத பயம் இல்லை. இந்தப் பக்கத்தில் நிலத்தின் மேல் எல்லோருக்கும் ஒரு பதைப்பு இருக்கிறது. நகரம் இதற்கு மேல் பரவக் கூடாது என்று 1958-லேயே கோடு கிழித்த ஊர் லெக்சிங்டன். அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் ஊர் அதுதான். 2006-இல் உலக நினைவுச் சின்ன நிதியம், அழியும் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் இந்தப் புல்வெளியையே சேர்த்தது. வீட்டுமனையாகப் போவதற்கு, வாரம் ஒரு கல்யாணம் மேல் என்று கடைசியில் சம்மதித்தார்கள். பத்து மணிக்குப் பாட்டு நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஒன்று வேடிக்கையாக இருந்தது. பண்ணை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று வருகிறவர்கள் மனதில் ஒரு படம் வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பண்ணைக்காரர்கள் வாடகைக்கு எடுத்துவர வேண்டியிருக்கிறது. வாசலில் சாய்த்து வைத்திருந்த மாட்டுவண்டிச் சக்கரம் இந்தப் பண்ணையில் ஒருநாளும் ஓடியதில்லை. ஊறுகாய் ஜாடியில் பூ, சாக்குத் துணியில் மேசை விரிப்பு, புதுப் பலகையைக் கீறிச் சாம்பல் பூசிப் பழசாக்கிய பெயர்ப்பலகை. நிஜமான பழைய பொருள்கள், அந்தக் கணக்குப் புத்தகம் உள்பட, யாரும் கேட்காமல் சமையலறை அலமாரியில் கிடக்கின்றன.

குதிரைகள் இந்தத் தொழிலுக்கு இடைஞ்சல்தான். படம் எடுக்க எல்லோருக்கும் குதிரை வேண்டும். ஒரு வயதுக் குட்டி பக்கத்தில் வெள்ளைக் கவுனோடு போனால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஈன்று ஓய்ந்த கிழவி ஒன்றைக் குளிப்பாட்டி நிறுத்துகிறார்கள். பொறுமைசாலி, பூச்செண்டைக் கண்டால் மட்டும் பொறுமை போய்விடும். மருமகள் பெண் வீட்டாருக்கு ஒரு தாள் கொடுக்கிறார். பட்டாசு, பறக்கும் விளக்கு, பலூன் கிடையாது. அரளி கிடையாது, யூ மரத்துத் தழை கிடையாது. இரண்டும் குதிரைக்கு எமன். இலையுதிர் காலத்துக் கல்யாணங்களில் எல்லோரும் ஆசைப்படும் சிவப்பு மேப்பிள் இலைக்கும் தடை. வாடிய அந்த இலைகளைத் தின்றால் குதிரையின் ரத்தச் செல்கள் உடைந்துவிடும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் நடு வரைக்கும் கல்யாணத்துக்குத் தேதியே கொடுப்பதில்லை. அது குட்டிகளின் முகூர்த்தக் காலம்.

சனிக்கிழமை வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். மாலை ஐந்து மணிக்குப் புல்வெளியில் கல்யாணம். பாதிரியார் கேள்வி கேட்டு, மாப்பிள்ளை பதில் சொல்ல வாயெடுக்கும் நேரம், வேலிக்கு அப்பால் தாயைக் காணாத ஒரு குட்டி வீறிட்டுக் கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள். மகன் மட்டும் சிரிக்காமல் எழுந்து அந்தப் பக்கம் நடந்தார்.

சாப்பாட்டில் பர்கூ என்று ஒரு குழம்பு. இரண்டு மூன்று வகை இறைச்சி, மக்காச்சோளம், வெண்டைக்காய், பீன்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் ஒன்றாகக் கொதித்து, எது எதுவென்று தெரியாத பதத்தில் வந்தது. வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்தது என்று என் மேசையிலிருந்த ஒரு முதியவர் சொன்னார். கறுப்பினத்தவர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பாட்டனார் குதிரைக்காரர். 1875-இல் நடந்த முதல் கென்டக்கி டெர்பியில் ஓடிய பதினைந்து குதிரைகளில் பதின்மூன்றை ஓட்டியவர்கள் கறுப்பினத்தவர்கள், ஜெயித்த ஆலிவர் லூயிஸும் அவர்களில் ஒருவர் என்றார். ஐசக் மர்ஃபி 1884, 1890, 1891 என்று மூன்று டெர்பிகளை ஜெயித்தார். அப்புறம் பந்தயத்தில் பணமும் மதிப்பும் ஏற ஏற, அவர்களை ஒதுக்கித் தள்ளினார்கள். குதிரை ஓட்டியவர்களின் பிள்ளைகள் லாயத்தில் சாணி அள்ளினார்கள். இப்போது அந்த வேலையை மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வந்தவர்கள் செய்கிறார்கள்.

பண்ணைக்கு வேடிக்கை பார்க்கக் கூட்டம் வருவது புதிதா என்ன, என்று அவர் கேட்டார். 21 பந்தயத்தில் 20 ஜெயித்த மேன் ஓ' வார் என்ற குதிரையைப் பார்க்க 1930-களில் லெக்சிங்டன் பக்கத்துப் பண்ணைக்கு நாள்தோறும் கார் கார்களாக வந்தார்களாம். குதிரையைப் பிடித்துக்கொண்டு, அதன் பெருமையை ஒரு வில்லுப்பாட்டுக்காரர் போலச் சொன்னவர் வில் ஹார்பட் என்ற கறுப்பினத்தவர். பாதிப் பேர் அவர் பேச்சைக் கேட்கத்தான் வந்தார்கள். 1947 அக்டோபரில் அவர் இறந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 1-ஆம் தேதி குதிரை இறந்தது. 'வில்லுப்பாட்டு' என்பது என் சொல். ஆசிரியர் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்து நடித்துக் காட்டினார்.

ஒன்பதரைக்குப் புட்டியைத் தோண்டினார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு படத்துக்கு நின்றார்கள். உண்மையில் தோண்டியது என் தம்பி. எனக்கும் ஒரு மடக்கு வந்தது. மண் வாசனை அடித்தது என்று சொல்ல ஆசை, ஆனால் புட்டி மூடித்தானே இருந்தது. பத்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது பெரியம்மா கொட்டகையின் மின்பலகை அருகில் வந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பாட்டுக்காரன் இன்னும் ஒன்றே ஒன்று என்று கை காட்டினான். அவர் புன்னகையோடு தலையசைத்தார், மறுப்பாக.

ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி விட்டுவிட்டு வந்த கோட்டை எடுக்க மறுபடி போனோம். பனி இறங்கிய புல்வெளியில் பெரியவர் தனியாக நடந்துகொண்டிருந்தார். மூன்று நாளில் அவர் வாய் திறந்து நான் பார்க்கவில்லை. கையில் புல்வெட்டும் எந்திரம் மாதிரி, இரண்டு சக்கரம் வைத்த ஒரு நீளத் தண்டு. புல்லின்மேல் தாழ்த்தி, உழவு போடுவதுபோல் வரிசை தப்பாமல் தள்ளிக்கொண்டு போனார். காந்தம். நேற்று நாற்காலிகள் இருந்த இடம், மத்தியானம் குதிரைகளை அவிழ்த்துவிடும் இடம்.

வரிசை முடிவில் நின்று ஒரு பிடியை இழுத்தார். சேர்ந்ததெல்லாம் வாளியில் கொட்டியது. கொண்டை ஊசிகள், பூச்செண்டின் கம்பிகள், பியர் மூடிகள், பெயர் அட்டையில் குத்திய பின்கள், யாருடைய கவுனிலிருந்தோ ஒரு கொக்கி. வாளிக்குள் குனிந்து விரலால் கிளறி, துருவேறிய லாட ஆணி ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வரிசையைத் தொடங்கினார்.